கொடிமுந்திரியும் கொட்டைமுந்திரியும்

வரதராஜன்பேட்டையில் முந்திரி என்றால் கொட்டைதான் நினைவுக்கு வரும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் தோப்புத் தோப்பாக முந்திரி நிற்கிறது; அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு பொருள் இருக்க வழியில்லை. ஆனால் பழைய அகராதிகளைப் புரட்டினால் முந்திரிகை என்பது திராட்சைக்கும் பெயராக நிற்கிறது. சித்த மருத்துவம் அதைக் கொடிமுந்திரி என்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் திராட்சை முந்திரிகைப்பழம், உலர்திராட்சை முந்திரிகை வற்றல். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சைதான். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் முதலில் கொட்டைமுந்திரி என்று அடைமொழியோடுதான் அழைக்கப்பட்டது. பிறகு விருந்தாளியாக வந்த மரம் பெயரைத் தனக்கே வைத்துக்கொள்ள, கொடி வடமொழியிலிருந்து வந்த திராட்சை என்ற பெயருக்குள் ஒதுங்கிக்கொண்டது. வரதராஜன்பேட்டையோ கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் ஊர், கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. கொட்டைமுந்திரியை விற்றுப் பிழைக்கும் ஊரில் பீடத்துக்கு ஒவ்வொரு நாளும் கொடிமுந்திரி வேண்டும். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: திருப்பலிக்கான இரசம் திராட்சைக் கனியிலிருந்தே இயற்கையாக வந்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும். கள், ஈச்சஞ்சாறு, முந்திரிப் பழத்தைப் பிழிந்த சாறு எதுவும் அங்கே ஆகாது. தமிழ்நாட்டின் பன்னீர் திராட்சை வரலாற்றைப் பெரும்பாலும் தேனி மாவட்டத்துப் பந்தல்களிலிருந்து தொடங்கிச் சொல்கிறோம். கொடியே இல்லாத இத்தகைய பங்குகளின் பீடங்களிலிருந்து தொடங்கினால்தான் அந்த வரலாறு விளங்கும் என்பது என் கருத்து. பீடத்துக்கென்று அழைக்கப்பட்ட கொடி அது. தமிழர் நாக்கு அதைத் தக்கவைத்துக்கொண்டது.

திராட்சை இரசம் தமிழ் மண்ணுக்குப் புதியதல்ல, ஆனால் அது எப்போதும் கப்பலில்தான் வந்தது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இரட்டைக் கைப்பிடியுள்ள மத்தியதரைக்கடல் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கோஸ் தீவு, இத்தாலியின் கம்பானியா எனப் பல இடங்களின் சாடிகள் அவற்றில் உண்டு. இரசம் வந்தது, சாடி வந்தது, கொடி வரவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை அதேதான். கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் அரபிக்கடல் வழியாக வந்த உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றையே வழிபாட்டுக்குப் பயன்படுத்திவந்தார்கள். 1599-இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கத்துக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. போர்த்துக்கல் அரசர் ஆண்டுதோறும் மஸ்கட்டெல் இரசத்தைத் தானமாக அனுப்பிவைக்க வேண்டும் என்று அச்சங்கம் கேட்டுக்கொண்டது. மஸ்கட் மணமுள்ள திராட்சை தென்னிந்தியப் பீடத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட பழைய இடங்களில் இதுவும் ஒன்று. (மஸ்கட் நகரத்துக்கும் இந்தத் திராட்சைக்கும் தொடர்பு இல்லை. கஸ்தூரி மணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் என்பதே பொதுவாக ஏற்கப்படுவது.) 

உள்நாட்டு ஊர்களின் பாடு இன்னும் கடினம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியின் வழியைப் பின்பற்றிய சேசு சபைச் சாமியார்கள் துறவிக் கோலம் பூண்டு புலாலையும் மதுவையும் விலக்கி வாழ்ந்தார்கள். மக்கள் கண்ணில் மது தொடாத துறவி, பீடத்திலோ இரசம் இல்லாமல் பூசை வைக்க முடியாத குரு. வரதராஜன்பேட்டை இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கண்ட வீரமாமுனிவரும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த இக்கட்டுக்குள்தான் வாழ்ந்திருக்க வேண்டும். கடற்கரைக் கோட்டைகளிலிருந்து கொள்ளிடக் கரைவரை சிறு புட்டிகள் வெயிலில் பயணப்பட வேண்டும். வழியில் புளித்துக் காடியாகிவிட்டால் அது கெட்ட இரசம், பூசைக்கு உதவாது. ஒரு கொடியைக் கோயில் வளாகத்திலேயே வளர்த்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் எங்கிருந்து பிறந்திருக்கும் என்று கேட்டால், இந்தத் தூரத்திலிருந்துதான் என்பேன். சுவைக்கு ஆசைப்பட்டவர்கள் மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் நட்டிருப்பார்கள். வெப்பநாட்டில் அடம்பிடிக்கும் ஒரு கொடியோடு போராடுவதற்கு வலுவான காரணம் ஒன்று வேண்டும்.

இனி எல்லோரும் சொல்லும் ஆண்டுக்கு வருவோம். 1832-இல் ஒரு பிரெஞ்சுச் சாமியார் பன்னீர் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழக்கு. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் எல்லாம் இதையே எழுதின. பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இத்தாலியின் கொனேலியானோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மன்னா கிரெஸ்பான் 2003-இல் மரபணுச் சோதனை வழியாக இதன் பெற்றோரைக் கண்டறிந்தார். ஒன்று கறுப்பு ஹாம்பர்க் என்று ஆங்கிலேயர் அழைத்த ஸ்கியாவா குரோசா; மற்றொன்று அலெக்சாந்திரியா மஸ்கட். கறுப்பு ஹாம்பர்க் எளிய கொடியல்ல. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட கறுப்பு ஹாம்பர்க் கொடி இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் கலந்து பிள்ளைக் கொடியை உருவாக்கியவராகப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் இங்கிலாந்தின் ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ. காலம் 1850-ஐ ஒட்டியது. கண்ணாடி வீட்டுக்குள் பிரபுக்களின் விருந்து மேசைக்காக வளர்க்கப்பட்ட பழம் அது. 1850 வாக்கில் பிறந்த கொடி 1832-இல் தமிழகத்துக்கு வந்திருக்க முடியாது.

திராட்சைக்கு வயது பார்ப்பது வீண்வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். மற்ற பல பயிர்களுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. விதை போட்டு வளர்த்தால் திராட்சை தாயைப் போல இராது; ஒவ்வொரு விதையும் புதிய பழம். அதனால் எங்கும் குச்சியை வெட்டித்தான் நடுகிறார்கள். கம்பத்திலும் சீனத்துத் தியென்சினிலும் பிரான்சின் வாந்தூ மலையடிவாரத்திலும் நிற்கும் மஸ்கட் ஹாம்பர்க் கொடிகள் அனைத்தும் என்றோ ஒரு நாள் முளைத்த ஒற்றை நாற்றின் துண்டுகள். ஆகவே அந்த நாற்று எப்போது முளைத்தது என்பதற்கு ஒரே விடைதான் இருக்க முடியும். ஸ்னோ உருவாக்கியதாகச் சொல்லப்படும் இந்தக் கொடி அதற்கு முன்பே கறுப்பு அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற பெயரில் உலவி, மறக்கப்பட்டு, அவர் கையால் மீண்டும் வெளிவந்திருக்கலாம் என்ற கருத்தும் தோட்டக்கலையாளரிடையே உண்டு. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டாலும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. இங்கிலாந்திலேயே அரிதாகி மறைந்திருந்த கண்ணாடி வீட்டுப் பழம் 1832-இல் ஒரு பிரெஞ்சுச் சாமியாரின் பெட்டிக்குள் எப்படி வந்தது? சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு வேதபோதகச் சபையினரே இங்கிருந்த பிரெஞ்சுக் குருக்கள். மீண்டும் தோன்றிய சேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் நால்வர் 1837-இல் புதுச்சேரி வந்து இறங்கி, அடுத்த ஆண்டுதான் மதுரை மிஷனில் வேலையைத் தொடங்கினார்கள். 1832 என்பது மதுரைச் சீமையில் பிரெஞ்சுச் சாமியார்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலம்.

அப்படியானால் 1832 பொய்யா? அந்த முடிவுக்கு நான் போகவில்லை. ஊர் நினைவு ஒரு தொடக்கத்தை ஓர் ஆண்டோடும் ஓர் ஆளோடும் முடிந்துவைத்துக்கொள்வது வழக்கம். அந்த முடிச்சுக்குள் பல வருகைகள் சுருண்டு கிடக்கும். 1832-இல் ஒரு சாமியார் திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்திருக்கலாம், அவை ஏதேனும் ஒரு மஸ்கட்டாகவோ தென்பிரான்சின் இரசக் கொடியாகவோ இருந்திருக்கலாம். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஸ்கட் ஹாம்பர்க் வந்து, முந்தையவற்றை ஓரங்கட்டி, அவற்றின் பிறந்தநாளையும் தன்னுடையதாக்கிக்கொண்டது என்று கொண்டால் சான்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. வரதராஜன்பேட்டைச் சொல்லில் நடந்ததும் இதுதான் அல்லவா? பின்னால் வந்தது முன்னால் இருந்ததன் பெயரை எடுத்துக்கொண்டது. புவிசார் குறியீட்டுக்கு இந்த வாசிப்பால் எந்தக் குறையும் இல்லை. அந்தக் குறியீடு ஒரு பழத்துக்கும் நிலத்துக்கும் இடையே இருக்கும் உறவுக்குத் தரப்படுவது. கம்பம் பள்ளத்தாக்கு அந்த உறவை முழுமையாகச் சம்பாதித்திருக்கிறது.

வந்த கொடிகளில் இது மட்டும் ஏன் நிலைத்தது? காரணங்களில் பாதி நீரும் கத்தியும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தபின் மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய நீர் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. குளிர்நாட்டில் திராட்சை பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இங்கே உறக்கமே இல்லை. கவாத்து செய்யும் நாள்தான் அதற்குப் பனிக்காலம். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் கொத்து பழுத்துவிடுகிறது. இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை என்பது இங்குள்ள கணக்கு. ஒரு தோட்டத்தில் கவாத்து, பக்கத்துத் தோட்டத்தில் பூ, அடுத்ததில் அறுவடை என்று கல்தூண் பந்தல்களின் கீழே எல்லாப் பருவமும் ஒரே நாளில் இருக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி ஊர்களின் விவசாயிகள் கண்டுபிடித்த இந்தச் சுழற்சிக்கு எல்லாக் கொடியும் ஈடுகொடுக்காது. பன்னீர் ஈடுகொடுத்தது. மறுபாதிக் காரணம் மணம். பனிநீர் என்பதே பன்னீர். கல்யாண வாசலில் தெளிக்கும் ரோஜா நீர். இந்தப் பழத்தின் தோலில் ஜெரானியோல், லினலூல் முதலிய மணப்பொருள்கள் இருக்கின்றன. ஜெரானியோல் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது. தமிழன் முகர்ந்து சொன்னது உவமையே அல்ல, உள்ளதை உள்ளபடி சொன்னது. நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாத சீனர்கள் இதே கொடிக்கு மெய்குய்சியாங் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் ரோஜா மணம் என்பதே பொருள். இரண்டு மொழிகள் தனித்தனியாக ஒரே பூவைத் தேடிப்போனதைவிடச் சிறந்த சாட்சி இந்தப் பழத்துக்கு வேண்டியதில்லை.

இனி இரசத்தைப் பற்றி. மஸ்கட் ஹாம்பர்க் நல்ல சிவப்பு இரசம் தராது என்று ஒயின் அறிந்தவர்கள் பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் உண்மையானவை. சாற்றில் நிறம் மெலிவு. தோலின் துவர்ப்பு குறைவு. கபர்னே சாவிஞான் திராட்சையைப் போல மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிர்விக்கும் உடல்கட்டு இதற்கு இல்லை. ரோஜா மணமும் நாள்பட நாள்பட அடங்கிவிடும். உலகின் பெரும்பாலான இடங்களில் இது மேசைப் பழம்தான். வாந்தூ மலையடிவார மஸ்கட்டுக்குப் பிரான்சு அரசு 1997-இல் தந்த தோற்றப் பெயர்கூடப் பழத்துக்குத்தான், இரசத்துக்கு அல்ல. ஆயினும் இந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலை மறைத்துவைத்திருக்கிறது. போர்தோ நகரத்து விருந்தில் செம்மறி இறைச்சியோடு எது நன்றாக இருக்கும் என்ற கேள்விக்குச் சொன்ன விடை அது. கேள்வியை மாற்றினால் விடையும் மாறும். கிரேக்கத்தின் தெசலி சமவெளியிலுள்ள தீர்னவோஸ் ஊரார் இதே கறுப்பு மஸ்கட்டில்தான் இரசமும் சீப்புரோ என்ற வடிசாராயமும் செய்கிறார்கள். தியென்சினில் இதன் தோலை நீக்கி வெள்ளை இரசமாகவும், கலிபோர்னியாவின் மதேராவில் விருந்தின் முடிவில் அருந்தும் இனிப்பு இரசமாகவும் செய்கிறார்கள். பழமாக, பழச்சாறாக, வற்றலாக, ஜாமாக, வெள்ளையாக, சிவப்பாக, இனிப்பாக, வடிசாராயமாக இத்தனை வேடம் கட்டும் கொடிகள் மிகச் சில. இத்தாலியின் புகழ்பெற்ற மேசைத் திராட்சையான இத்தாலியாவுக்கும் இதுவே ஒரு பெற்றோர். 1911-இல் பிரோவானோ என்பவர் அதை உருவாக்கினார்.

தமிழ்ச் சாப்பாட்டின் முன்னால் இதன் குறைகள் என்ன ஆகின்றன என்று பார்த்தால் என் வாதம் தெளிவாகும். மிளகாயின் காரம் சுவையே அல்ல. நாக்கு அதை வெப்பமாக உணர்கிறது. ஆல்கஹால் மிகுந்த இரசம் அந்த எரிச்சலை ஏற்றிவிடும். துவர்ப்பு அதிகமானால் வாய் வறண்டு, காரம் இன்னும் கூர்மையாகும். இனிப்பு எரிச்சலைத் தணிக்கும், குளிர்ச்சியும் தணிக்கும். அரியலூர்ப் பக்கத்து நாட்டுக்கோழிக் குழம்பையோ மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவலையோ கெட்டியான, துவர்க்கும் சிவப்பு இரசத்தோடு வைத்தால் இரண்டும் சண்டையிடும். துவர்ப்பு குறைந்த, கொஞ்சம் இனிப்பு மிச்சமுள்ள, குளிரவைத்த பன்னீர் இரசம் அந்த இடத்தில் சமாதானம் செய்யும். ஏலமும் கிராம்பும் பட்டையும் பூவின் மணத்தோடு ஒட்டிக்கொள்ளும் மசாலாக்கள். பிரியாணியில் பன்னீர் தெளிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றோடும் இது ஒத்துப்போகும் என்று சொல்லவும் மாட்டேன். கருவாட்டுக் குழம்பின் புளிப்பு இதன் மெல்லிய புளிப்பை விழுங்கி, இரசத்தைச் சப்பென்று ஆக்கிவிடும். நல்லெண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்புக்கும் இது தோற்றுப்போகும். புளி ஆளும் இடத்தில் எந்தத் திராட்சை இரசமும் தடுமாறும். அங்கே மோர் போதும். இரசம் குடிக்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கறிச்சாப்பாட்டுக்குப்பின் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை, அல்லது தோலோடு கொதிக்கவைத்து வடித்து ஆறவைத்த சாறு, அதே வேலையைச் செய்யும். விதையும் கெட்டித் தோலும் உள்ளது என்று நகரத்தார் விதையில்லாப் பழத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மணமும் நிறமும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இரசம் தமிழர் வழக்கமே அல்ல, ஆகவே சாப்பாட்டோடு சேர்த்துப் பேசுவது ஒட்டவைத்த நாகரிகம் என்று ஒரு மறுப்பு வரலாம். மதுவின் கேடுகளைக் கண்ட மாநிலத்தில் அந்த மறுப்பை மரியாதையோடு கேட்க வேண்டும். 1937-இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. அந்தக் கடுமையான காலத்திலும் திருப்பலி இரசத்துக்கு உரிமத்தோடு இடம் இருந்தது. எனவே திராட்சை இரசம் இங்கே மதுக்கடையின் வழியாக வந்து வேரூன்றியதல்ல. வழிபாட்டின் வழியாக நின்றது. பீடத்தில் ஊற்றப்படும் சில துளி, வெறிக்காக அல்லாமல் அளவுக்காகப் பழகிய ஒன்று. கிறிஸ்துமசுக்குக் கேக்கோடு சிறு கிண்ணத்தில் இரசம் வைக்கும் வழக்கம் தென்னிந்தியக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் உள்ளதும் அந்த அளவின் நீட்சி. அதற்குப் பழக்கடையில் வாங்குவது கறுப்புத் திராட்சை. பன்னீரையும் பெங்களூரு நீலத்தையும் ஒன்றென்று எண்ணி வாங்குபவர்கள் உண்டு. பெங்களூரு நீலம் அமெரிக்க இனக் கலப்புள்ள இசபெல்லா, அதன் மணம் வேறு, இரசத்தின் போக்கும் வேறு.

பீடத்துக்குத் தேவையான இரசத்துக்கும் பன்னீருக்கும் இடையே ஒரு முரண் இருந்ததையும் மறைக்கக் கூடாது. சாற்றில் நூற்றுக்கு 17 பங்கு சர்க்கரை இருந்தால் ஆல்கஹால் 9 முதல் 10 சதவீதம்தான் தேறும். மழைக்காலக் கவாத்தில் பழுத்த பன்னீர் அதற்கும் கீழே நிற்கும். அவ்வளவு மெல்லிய இரசம் நம் வெயிலில் சீக்கிரம் காடியாகும். வீட்டில் செய்பவர்கள் சர்க்கரையைக் கொட்டிச் சமாளிக்கலாம். பீடத்து இரசத்தில் அப்படிச் செய்ய முடியாது, திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிதளவு சேர்த்துக் காக்க மட்டுமே உரோமை இசைவளித்தது. இதைச் சுட்டி, பீடத்துக்காக வந்த கொடி பீடத்துக்கே முழுதாக உதவவில்லையே, உன் வாதம் அங்கே முறிகிறதே என்று கேட்கலாம். முறியவில்லை என்றே நினைக்கிறேன். பீடம் கொடியை அழைத்தது, ஆனால் பீடத்துக்கு வேண்டியதோ சில குடம் இரசம்தான். அந்தத் தேவை மட்டும் இருந்திருந்தால் சாமியார்களின் கிணற்றடிகளில் பத்துப் பதினைந்து கொடிகளோடு கதை முடிந்திருக்கும். அந்த மணத்தை விரும்பிப் பழமாக வாங்கியவர்களில் பெரும்பாலோர் பூசையே காணாதவர்கள். மதுரைச் சந்தையிலும் கேரளத்துக் கடைகளிலும் கூடைகூடையாக விற்றதால்தான் கம்பத்து விவசாயி இன்னொரு பந்தலுக்குக் கல்தூண் நட்டார். தமிழ்நாட்டு மஸ்கட் திராட்சையில் நூற்றுக்கு 85 பங்கு அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருவதாக இன்று சொல்லப்படுகிறது.

வரதராஜன்பேட்டையின் செம்மண்ணில் பன்னீர்க் கொடி பந்தலேறாது; அங்கே மழையை நம்பி நிற்கும் கொட்டைமுந்திரிக்குத்தான் இடம். ஆனாலும் இரண்டு முந்திரிகளும் ஒரு மேசையில் சந்திக்கலாம். நெய்யில் சிவக்க வறுத்து, உப்பும் இடித்த மிளகும் தூவிய முந்திரிப்பருப்பின் கொழுப்பு வாயில் படியும். மெல்லிய புளிப்பும் ரோஜா மணமும் உள்ள பன்னீர் இரசம், அல்லது வெறும் பன்னீர்ச் சாறு, அதைக் கழுவிவிட்டு அடுத்த பருப்புக்கு இடம் செய்யும். உப்பு சாற்றின் இனிப்பை முன்னே கொண்டுவரும், மிளகு பூமணத்தைத் தூக்கும். கொட்டைமுந்திரி கொடிமுந்திரியிடமிருந்து பெயரை வாங்கி நானூறு ஆண்டாகிறது.